வழுதலைப் பாத்திக்குச் சருகுப் போர்வை

மாசி மாதம். மாலை ஆறு மணி. எங்கள் வாசிப்பு வகுப்பு தொடங்கும் நேரம். பாய் விரித்தாயிற்று. விளக்குப் போட்டாயிற்று. பத்துப் பேர் வர வேண்டும். நாலு பேர்தான் வந்திருந்தார்கள்.

ஆறே முக்காலுக்கு மாமி வந்தார். சேலை நனைந்திருந்தது. உள்ளங்கை கயிறு இழுத்துச் சிவந்திருந்தது.

"என்ன மாமி, இன்றும் பிந்தி விட்டதே?" என்று கேட்டேன்.

"வெள்ளம் கோரி முடிய வேண்டாமா மக்கா? கிணற்றில் வெள்ளம் அடியில் போயாச்சு. வழுதலைக்கும் வெண்டைக்கும் ஊற்றாமல் வந்தால் நாளைக்குத் தலை தொங்கிப் போகும். உன் எழுத்து எங்கேயும் ஓடிப் போகாது. செடி வாடிப் போகும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது சரிதான்.

மாமிக்கு வீட்டையும் சேர்த்து 12 சென்ட் நிலம். முற்றத்துக்குக் கிழக்கே நாலைந்து பாத்திகள். வழுதலை, வெண்டை, நீளப் பயறு, சிவப்புக் கீரை. வீட்டுச் சமையலுக்கு எடுத்தது போக மீதி சந்தைக்குப் போகும். அந்தக் காசில்தான் வீட்டுக்கு எண்ணெயும் சோப்பும் வாங்குகிறார். பாத்தி காய்ந்தால் அந்தக் காசு இல்லை. பாத்தியைக் காப்பாற்றினால் வகுப்பு இல்லை. இரண்டில் எதை விடுவது?

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். "கேரளத்திலா தண்ணீர் இல்லை?" என்பார்கள். கேரளத்தில் ஓர் ஆண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது மாநிலத்தின் சராசரி. வடக்கே கூடுதல். தெற்கே வர வரக் குறைவு. எங்கள் தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தெற்கு மூலையில் இருக்கிறது. பெய்கிற மழையும் எப்படிப் பெய்கிறது? ஆனியிலும் ஆடியிலும் கொட்டும். மறுபடி ஐப்பசியில் இடியோடு பெய்யும். பிறகு தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் வானம் வெறுமனே கிடக்கும். எங்கள் நிலம் மேடும் பள்ளமுமானது. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். அகத்தியமலையில் பிறக்கிற நெய்யாறே மொத்தம் 56 கிலோமீட்டர்தான். அதற்குள் பூவாறில் கடல் வந்துவிடும்.

2016-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு இரண்டு மழையும் பொய்த்தன. கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. மாமி அதைச் சொல்லும்போது இப்போதும் தலையில் கை வைப்பார். அந்தக் கோடையில் அவர் ஒரு பாத்திகூடப் போடவில்லை.

சரி, வகுப்புக்குத் திரும்புவோம். மாமி சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பாட்டா இருந்தார். 70 வயது. 'அ' எழுதினால் சிலேட்டு முழுவதும் நிறையும். அவர் கேட்டார்: "நாம் இஞ்சி நட்டால் என்ன செய்வோம்?"

"தோலும் சருகும் போட்டு மூடுவோம்" என்றார்கள்.

"இஞ்சிக்கு மூடுகிறோம். மஞ்சளுக்கு மூடுகிறோம். வழுதலை என்ன பாவம் செய்தது?"

தோல் என்றால் எங்கள் பக்கம் பச்சைத் தழை. வேறு ஊர்க்காரர்கள் மாட்டுத் தோல் என்று எண்ணிவிடக் கூடாது.

பாட்டா கேட்டது எனக்கு உறைத்தது. சித்திரையில் கோடை மழை விழுந்ததும் இஞ்சி நடுகிறோம். நட்ட அன்றே தழை போட்டு மூடுகிறோம். கேரள வேளாண் பல்கலைக்கழகமும் இதைத்தான் சொல்கிறது. நட்டவுடன் ஹெக்டேருக்கு 15 டன் பச்சிலை. பிறகு இரண்டு தடவை ஏழரை டன் வீதம். நம் கணக்கில் பார்த்தால், ஒரு சென்டுக்கு முதலில் சுமார் 60 கிலோ. பிறகு முப்பது முப்பது கிலோ. கொஞ்சமில்லை, இரண்டு மூன்று தலைச்சுமை! இவ்வளவு தழையை ஏன் போடச் சொல்கிறார்கள்? மண் காயாமல் இருக்க. களை வராமல் இருக்க. மழைத்துளி அடித்து மண் கரையாமல் இருக்க. வழுதலைக்கும் வெண்டைக்கும் இதே தேவைதானே?

இதற்கு மலையாளத்தில் 'புதயிடல்' என்று பெயர். தமிழ்நாட்டில் 'மூடாக்கு' என்பார்கள்.

மறுநாள் காலையில் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி முற்றம் தூத்துக்கொண்டிருந்தார். பலா இலை, மா இலை, கொல்லாமரத்து இலை. பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பறந்து வந்த சருகு. ரப்பர் மரம் மார்கழியிலிருந்து மாசிக்குள் இலை கொட்டும். எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்தார். தீ வைத்தார். புகை எழும்பியது. அந்தப் பக்கத்திலேயே வாளியும் கயிறும் கிடந்தன.

எங்கள் ஊரில் காலையில் எந்த வழியாகப் போனாலும் இந்தப் புகையைப் பார்க்கலாம். முற்றம் சுத்தமாகிறது. யாருக்கும் அதில் தப்புத் தெரிவதில்லை. என் அம்மையும் அப்படித்தான் செய்வார்.

"மாமி, நாளை முதல் எரிக்க வேண்டாம். ஒரே ஒரு பாத்திக்குச் சருகு போட்டு மூடிப் பார்ப்போம். மற்றது எப்போதும் போல் இருக்கட்டும்" என்றேன்.

"சருகு போட்டால் சிதல் வரும். பாம்பு வரும்" என்றார் மாமி.

இந்தப் பயம் வீணான பயமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வழுதலைப் பாத்திகள். இரண்டும் 10 அடி நீளம், 3 அடி அகலம். இரண்டிலும் ஒரே நாற்று, ஒரே வயது. பங்குனி ஒன்றாம் தேதி இரண்டுக்கும் நன்றாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு பரப்பினோம். மற்றதைச் சும்மா விட்டோம்.

மாமியிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தேன். "ஊற்றுகிற வாளியை எழுதி வையுங்கள்" என்றேன். மாமி ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டார். இடது பக்கம் 'சருகு' என்று எழுதினார். வலது பக்கம் 'வெறும்' என்று எழுதினார். 'று' எழுதத் தெரியாமல் என்னைக் கேட்டார். ஒரு வாளிக்கு ஒரு கோடு.

முதல் நாலு நாள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாமி பழக்கத்தில் இரண்டுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் நான் சொன்னேன்: "கண்ணால் பார்க்காதீர்கள். விரலை விட்டுப் பாருங்கள்." வெறும் பாத்தியில் விரல் இறங்கவில்லை. மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது. சருகை விலக்கி அந்தப் பாத்தியில் விட்டார். விரல் இரண்டு கணு இறங்கியது. நகத்தில் ஈர மண் ஒட்டியது. மாமி ஒன்றும் பேசவில்லை. அன்று அந்தப் பாத்திக்கு ஊற்றவில்லை.

மாதம் முடிந்ததும் வகுப்பில் உட்கார்ந்து கோடுகளை எண்ணினோம். வெறும் பாத்திக்கு 116 வாளி. இடையில் ஒரு நாள் தூறல் விழுந்தது, அன்று மட்டும் ஊற்றவில்லை. சருகுப் பாத்திக்கு 52 வாளி. 116-இல் 52 போனால் 64. மாமியின் வாளி 10 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 640 லிட்டர் மிச்சம். ஒரே ஒரு பாத்தியில், ஒரு மாதத்தில்! கிணறு 40 அடி ஆழம். 64 தடவை 40 அடிக் கயிறு இழுக்கிற வேலையும் மிச்சம்.

இது ஒரு வீட்டுக் கணக்கு. உங்கள் மண்ணில், உங்கள் வெயிலில் கணக்கு மாறும். அதனால்தான் நீங்களும் இரண்டு பாத்தி வைத்து எழுதிப் பாருங்கள் என்கிறேன்.

தண்ணீர் எங்கே போகிறது?

ஊற்றின தண்ணீரைச் செடி முழுவதும் குடிப்பதில்லை. வெயில் மண்ணைச் சுடுகிறது. மேல்மண்ணின் ஈரம் ஆவியாகிறது. காற்று அந்த ஆவியை வாரிக்கொண்டு போகிறது. இதோடு நிற்பதில்லை. விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது. திரி வழியாக மேலே ஏறுகிறது. மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. மேலே காயக் காய, கீழே உள்ள ஈரம் அந்தத் துளைகள் வழியாக மேலே ஏறும். ஏறி, அதுவும் ஆவியாகும். சருகு போட்டால் வெயில் மண்ணைத் தொடாது. காற்றும் தொடாது. ஈரம் வேரருகிலேயே நிற்கும்.

எங்கள் மண் செம்மண். மழைத்துளி நேராக விழுந்து அடித்தால் மேலே ஓடு கட்டும். அடுத்த மழைத் தண்ணீர் அந்த ஓட்டின் மேல் வழுக்கி ஓடிவிடும். போகும்போது நல்ல மேல்மண்ணையும் கொண்டு போகும். மழைக்காலத்தில் நெய்யாறு சிவப்பாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய தோட்டத்து மண்? சருகு இருந்தால் துளி சருகில் விழும். மெல்ல மண்ணில் இறங்கும்.

வெளிச்சம் இல்லாததால் களை முளைப்பது குறையும். சருகு மட்கினால் உரம். அதைத் தின்ன மண்புழு வரும். மண்புழு துளை போடும். அந்தத் துளையில் தண்ணீர் இறங்கும். மாமியின் பாத்தியில் இரண்டாம் மாதமே புழுக்கள் வந்தன.

இதெல்லாம் யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? காட்டில் தரை தெரியாத அளவுக்குச் சருகு கிடக்கும். ஜப்பான் நாட்டில் மசானபு ஃபுகுவோகா என்ற உழவர் இருந்தார். நெல் அறுத்த வைக்கோல் முழுவதையும் அந்த வயலிலேயே திரும்பப் பரப்பினார். 1975-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது தமிழிலும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய் மூடாக்கைப் பற்றிப் பேசினார். அவர் வேளாண்மை படித்து, அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு உழவர்களிடம் வந்தவர்.

எதைப் போடலாம்?

ரப்பர் சருகு எங்களுக்குத் தை, மாசியில் தாராளம். தேவையான நேரத்தில் கிடைக்கிற பொருள் இது. ஆனால் ஒன்று. தோட்டத்துக்குள் கிடக்கிற சருகு அந்த ரப்பர் மண்ணுக்கே தேவை. அதை வழித்து எடுக்க வேண்டாம். வழியிலும் முற்றத்திலும் விழுவதை எடுங்கள். பலா இலை, மா இலை, கொல்லா இலை மெதுவாக மட்கும், அதனால் நீண்ட நாள் நிற்கும். சீமைக்கொன்னைத் தழை சீக்கிரம் மட்கும், ஆனால் நல்ல உரம். அடியில் சீமைக்கொன்னை, மேலே சருகு என்று போட்டால் இரண்டும் கிடைக்கும். வேலியில் நாலு கம்பு ஊன்றினால் சீமைக்கொன்னை தானே வளரும். வாழைச்சருகு, வைக்கோல், காய்ந்த புல் எல்லாம் ஆகும். புல் விதை பிடித்திருந்தால் மட்டும் வேண்டாம். போர்வை போடப் போய்க் களை விதைத்த கதையாகும்.

தேங்காய்க் கதம்பையை மறக்கக் கூடாது. அது தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னந்தடத்தில் மரத்தைச் சுற்றி 6 அடிக்குக் கதம்பையை அடுக்கலாம். மேலே பரப்பினால் குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும். குழி வெட்டிப் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தங்கும். புதைத்த கதம்பையின் பலன் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை நிற்கும். காய்கறிப் பாத்திக்குக் கதம்பையைச் சிறு துண்டாக வெட்டிப் போடுங்கள்.

பெரிய தோட்டங்களில் பிளாஸ்டிக் தாள் விரிக்கிறார்கள். மேல்பக்கம் வெள்ளி நிறம், கீழ்ப்பக்கம் கறுப்பு. தண்ணீர் மிச்சமாகும், களையும் வராது. ஆனால் மட்காது. கிழிந்த துண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். நாலு பாத்திக்கு அது எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

அறுப்புத்தூள் விஷயத்தில் நான் தப்புச் செய்தேன். மரம் அறுக்கிற மில்லில் ஒரு சாக்குத் தூள் சும்மா கிடைத்தது. புதுத்தூள். அதை எங்கள் வீட்டு வெண்டைப் பாத்தியில் கொட்டிக் கொத்தி விட்டேன். இரண்டு வாரத்தில் இலை எல்லாம் மஞ்சளாகி விட்டது. அம்மை என்னைப் பேசாத பேச்சில்லை. என்ன நடந்தது? மரத்தூளை மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். தூளில் அது மிகவும் குறைவு. அதனால் மண்ணில் உள்ளதை அவை எடுத்துக்கொண்டன. செடி பட்டினி கிடந்தது. சாணியைக் கரைத்து ஊற்றி ஒருவழியாகச் செடியை மீட்டோம். அறுப்புத்தூளைக் குவித்து, சாணிக் கரைசல் தெளித்து, கறுப்பாக மட்கிய பிறகே போடுங்கள். எந்தப் பொருளானாலும் மேலே பரப்புவதோடு நிறுத்துங்கள். மண்ணோடு சேர்த்துக் கொத்த வேண்டாம்.

போடுகிற முறை

முதலில் களையைப் பிடுங்குங்கள். பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பிறகே சருகு. காய்ந்த மண்ணை மூடினால் சிறு தூறல் சருகிலேயே நின்றுவிடும். மண் காய்ந்தே கிடக்கும். உயரம் நாலு விரல் போதும். கட்டியாக அமுக்க வேண்டாம்.

தண்டைத் தொடாமல் போடுங்கள். செடியைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள். சருகு தண்டில் ஒட்டிக் கிடந்தால் ஈரத்தில் தண்டு அழுகும்.

நாற்று நட்டால் வேர் பிடித்ததும் போடலாம். வெண்டையும் பயறும் விதை போட்டு முளைப்பவை. ஒரு சாண் வளரட்டும், பிறகு போடுங்கள். கீரை விதை பொடி விதை. முளைக்கு முன் மூடினால் வெளியே வரத் திணறும். நெருக்கமாக வளர்ந்த கீரை தானே மண்ணை மூடிக்கொள்ளும்.

இப்போது மாமியின் பயத்துக்கு வருவோம். சிதல் காய்ந்த பொருளைத் தின்ன வரும். அடிக்கடி ஒரு கம்பால் சருகைக் கிளறி, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருக்கிற இடத்தில் சிதல் தொல்லை குறைவு. வேப்பம் பிண்ணாக்கு கொஞ்சம் தூவலாம். மண்வரி கட்டி ஏறுவதைப் பார்த்தால் அந்த இடத்துச் சருகை வாரி விடுங்கள்.

பாம்புப் பயம் நியாயமானது. விரியன் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாலு விரலுக்கு மேல் குவிக்காதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் போடாதீர்கள். காய் பறிக்கப் போனால் முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். பிறகு கை வையுங்கள். இருட்டில் போக வேண்டாம். கோடையில் பீடித் தீயும் சருகுக்கு ஆகாது.

மழைக்காலத்தில் வேறொரு எதிரி வருகிறான். ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கை அளவு இருக்கும். பகலில் சருகுக்குள் ஒளியும். இரவில் இலையைத் தின்னும். ஆனி மழை தொடங்கியதும் பாத்தியில் மிஞ்சின சருகை மெல்லியதாகப் பரப்பி விடுங்கள். நத்தை கண்டால் மாலையில் ஈரச் சாக்கில் பப்பாளி இலை போட்டு வையுங்கள். நத்தைகள் அதற்குள் கூடும். காலையில் எடுத்து உப்புக் கரைசலில் போடுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். அதன் உடலில் மனிதருக்கு நோய் தரும் புழு இருக்கலாம். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள்.

மாமி இப்போது எல்லாப் பாத்திக்கும் சருகு போடுகிறார். தண்ணீர் ஊற்றாத நாளில் ஆறு மணிக்கே வந்து பாயில் உட்காருகிறார். ஊற்றுகிற நாளில் இப்போதும் பிந்தித்தான் வருகிறார். நோட்டு முடியப் போகிறது. கோடு போடுவதை விட்டு எண்ணாகவே எழுதுகிறார். போன தை மாதம் அதில் ஒரு வரி பார்த்தேன்: 'பக்கத்து வீட்டு மைனி ஒரு சாக்குச் சருகு கேட்டாள். குடுக்கவில்லை.'